சுபம் போட ஒரு முகவரி

"முடிவு முன்னாடியே தெரிஞ்ச கதைய எதுக்கு முந்நூறு பக்கம் உட்கார்ந்து படிக்கிற?" ரொமான்ஸ் நாவல் படிப்பதை ஒளிக்காமல் சொல்லும் எல்லாரும் இந்தக் கேள்வியை ஒரு தடவையாவது வாங்கியிருப்போம். நாவலில் காதலிக்கும் இருவரும் ஆண்கள் என்றால் கேள்விக்கு ஒரு வாலும் முளைக்கும்: "அதுக்குப் பேசாம பால்ட்வின் படிக்கலாமே?"

படிக்கலாம்தான். ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவானிஸ் ரூம்' (1956) பெரிய நாவல். அதில் ஜியோவானி கில்லட்டினுக்காகக் காத்திருக்கிறான். ஆனி ப்ரூவின் 'ப்ரோக்பேக் மவுன்டன்' (1997) அபாரமான கதை. அதில் ஜாக் செத்துப்போகிறான், என்னிஸ் இரண்டு பழைய சட்டைகளோடு மிஞ்சுகிறான். தீவிர இலக்கியத்தில் இரண்டு ஆண்கள் காதலித்தால் முடிவு தெரியாது என்று யார் சொன்னது? அங்கேயும் ரொம்ப காலம் முடிவு தெரிந்துதான் இருந்தது. என்ன, அது இழவு வீட்டு முடிவு. அதனால் அதற்கு ஃபார்முலா என்று யாரும் பெயர் வைக்கவில்லை.

ரொமான்ஸ் நாவல் என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர் சங்கம் இரண்டே இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறது. கதையின் மையத்தில் காதல் இருக்க வேண்டும். முடிவு மனசுக்கு நிறைவாகவும் நம்பிக்கையோடும் இருக்க வேண்டும். அவ்வளவுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் கடைசியில் 'சுபம்' என்று ஒரு அட்டை வருமே, அதைப் போடுவதாக முதல் பக்கத்திலேயே வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு. ரமணிசந்திரனைப் படித்து வளர்ந்த வீடுகளில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நாயகனும் நாயகியும் எத்தனை அத்தியாயம் முறைத்துக்கொண்டாலும் கடைசியில் சேருவார்கள் என்று தெரிந்துதான் அம்மாக்களும் சித்திகளும் நூலகத்தில் அந்தப் புத்தகங்களுக்கு வரிசையில் நின்றார்கள்.

ஆனால் ரமணிசந்திரனின் நாயகிக்கு ஒரு வசதி உண்டு. சேர்ந்த பிறகு எங்கே வாழ்வது என்ற பிரச்சினையே அவளுக்குக் கிடையாது. நாயகனின் வீடு தயாராக இருக்கிறது. பெரும்பாலும் தோட்டம், கார் எல்லாம் சேர்த்து. சட்டம், சொந்தபந்தம், ஊர் எல்லாம் அந்த வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு நிற்கின்றன. இரண்டு ஆண்களின் கதையில் சிக்கல் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. இருவரும் மனம் ஒத்துவிட்டார்கள், சரி. மறுநாள் காலை எந்த வீட்டில் கண்விழிப்பார்கள்? அந்த வீட்டைச் சுற்றி இருக்கும் ஊர் எப்படிப்பட்டது?

*

இந்தச் சிக்கலை முதலில் நேருக்கு நேர் சந்தித்தவர்களில் ஒருவர் இ.எம். ஃபார்ஸ்டர். 'மாரிஸ்' நாவலை அவர் 1913-14இல் எழுதினார். நண்பர்களுக்கு மட்டும் கைப்பிரதியாகக் காட்டினார். 1970இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டுதான் நாவல் அச்சில் வந்தது. நடுவில் ஐம்பத்தேழு ஆண்டுகள் பெட்டிக்குள் கிடந்தது.

1960இல் நாவலுக்கு எழுதிய பின்குறிப்பில் இதன் காரணத்தை ஃபார்ஸ்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்கிறார். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்று அவர் தீர்மானித்திருந்தார். அது இல்லாவிட்டால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டார். கதை தூக்குக்கயிற்றிலோ தற்கொலையிலோ முடிந்திருந்தால் பிரசுரிப்பதில் பெரிய தொல்லை இருந்திருக்காது என்றும் சொல்கிறார். குற்றவாளிகள் தண்டனை இல்லாமல் தப்பிக்கிறார்கள் என்பதுதான் நாவல் செய்த குற்றம்.

யோசித்துப் பாருங்கள். வேறெந்தக் காதல் கதைக்கும் சோகமான முடிவு பாஸ்போர்ட்டாக இருந்ததில்லை. இந்த ஒரு வகைக் கதைக்கு இருந்தது. அழுதுவிட்டுப் போ, அச்சிடுகிறோம். சிரித்தால் பெட்டிக்குள் இரு.

ஆனால் ஃபார்ஸ்டருக்கு முகவரிச் சிக்கல் தீரவில்லை. பங்குத்தரகன் மாரிஸும் பண்ணையின் வேட்டைக் காவலன் அலெக்கும் நாவலின் முடிவில் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். ராபின் ஹுட் கதைகளில் வரும் அந்தப் பசுங்காடு. அங்கே என்ன சாப்பிட்டார்கள், மழைக்கு எங்கே ஒதுங்கினார்கள் என்று நாவல் சொல்லவில்லை. முதலில் ஒரு பின்னுரை எழுதிப் பார்த்திருக்கிறார். சில வருடங்கள் கழித்து மாரிஸின் தங்கை கிட்டி, மரம் வெட்டும் இரண்டு பேரைச் சந்திப்பதாக. படித்த யாருக்கும் பிடிக்கவில்லை, எடுத்துவிட்டார். கதை நடப்பது ஏறக்குறைய 1912இல். 'சில வருடங்கள் கழித்து' என்றால் முதல் உலகப் போர் குறுக்கே வந்து நிற்கிறது. கற்பனைக் காட்டுக்கு ஃபார்ஸ்டரால் அவர்களை அனுப்ப முடிந்தது. உண்மையான இங்கிலாந்தில் ஒரு குடிசை போட்டுக்கொடுக்க முடியவில்லை.

அதற்குப் பின் வந்த கே ரொமான்ஸ் நாவல்கள் எல்லாம் அந்தக் குடிசையைக் கட்டிப் பார்க்கும் முயற்சிகள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதன் உட்பிரிவுகளை டிராகன் உண்டா, கோட்டு சூட்டா, கிறிஸ்துமஸ் மரமா என்று அட்டைப்படத்தை வைத்துப் பிரிப்பதைவிட, இருவருக்கும் எந்த முகவரி கொடுக்கிறது என்று பிரித்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். எந்த முகவரிக்கும் வாடகை உண்டு. அதை யார் கட்டுகிறார்கள் என்று பார்த்தால் நல்ல புத்தகமும் சுமாரான புத்தகமும் தானாகப் பிரிந்துவிடும்.

*

ஃபேண்டஸியில் தொடங்கலாம். அங்கே ஊர் தோதாக இல்லையென்றால் புது ஊரையே கட்டிக்கொள்ளலாம்.

டி.ஜே. க்ளூனின் 'தி ஹவுஸ் இன் தி செருலியன் சீ' (2020) படித்தவர்கள் இங்கேயும் நிறைய பேர் இருப்பீர்கள். நாற்பது வயது லினஸ் பேக்கர் மாயச் சிறுவர்களுக்கான அரசுத் துறையில் கேஸ் பார்க்கும் ஊழியர். தொப்பை, உயர் ரத்த அழுத்தம், குடை மறந்த நாளில் தவறாமல் வரும் மழை. மேலிடம் அவரை ஒரு தீவில் இருக்கும் காப்பகத்துக்கு ஒரு மாத ஆய்வுக்கு அனுப்புகிறது. ஆறு குழந்தைகள். ஒன்று பொத்தான்கள் சேர்க்கும் குட்டி பறவைநாகம். ஒன்று வளர்ந்ததும் ஹோட்டலில் பெட்டி தூக்கும் வேலைக்குப் போக ஆசைப்படும் பச்சைக் குழகுழப்பு. ஆறு வயது லூசி, சாத்தானின் மகன். இவர்களைப் பார்த்துக்கொள்பவர் ஆர்தர் பார்னசஸ்.

லினஸுக்கு ஆண்களைப் பிடிக்கும் என்பதில் அந்த உலகத்தில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. 'வெளியே வருவது' என்ற காட்சியே நாவலில் கிடையாது. ஆகா, வெறுப்பே இல்லாத உலகம் என்று நினைத்தால், ஊர்ச் சுவர்களில் சந்தேகத்துக்குரிய எதையாவது பார்த்தால் புகார் கொடு என்று போஸ்டர். வெறுப்பு வேறு வீட்டுக்குக் குடிபோயிருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஊர் மாயப் பிறவிகளை வெறுக்கிறது. க்ளூன் செய்த கெட்டிக்காரத்தனமான காரியம் இது. தன்பாலீர்ப்புக் காதலைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டு, கூண்டை மட்டும் கதைக்குள் விட்டுவைக்கிறார். காதலர்கள் இருவரும் தங்களுக்காக வாதாடிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை என்பதால் குழந்தைகளுக்காக வாதாட நேரம் கிடைக்கிறது. லினஸ் மேலிடத்தின் முன் எழுந்து நின்று அறிக்கை கொடுக்கும் இடம்தான் அந்த நாவலின் உண்மையான காதல் காட்சி என்பேன். முத்தம் அதற்குப் பிறகு வரும் ரசீது.

வாடகை? அந்தக் கேள்வியும் வந்தது. கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்துக் கொண்டுபோன 'சிக்ஸ்டீஸ் ஸ்கூப்' என்ற கொடுமையைப் பற்றிப் படித்தபோது இந்தக் கதை உருவானது என்று க்ளூன் சொல்லப்போக, எதிர்ப்பு கிளம்பியது. உண்மையில் அழிக்கப்பட்ட குடும்பங்களின் வலியை எடுத்து, அரசு ஊழியர் மனம் திருந்தும் இதமான கதையாக மாற்றலாமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாவலுக்குள்ளேயே அதன் தடம் இருக்கிறது: குழந்தைகளின் பெற்றோர் எங்கே, எப்படிப் பிரிந்தார்கள் என்பதில் கதை அதிக நேரம் நிற்பதில்லை. 2024இல் வந்த இரண்டாம் பாகம் ஆர்தரின் பார்வையில் நகர்கிறது. அவர் அரசு விசாரணையில் சாட்சி சொல்லப் போகிறார். முதல் பாகம் கட்டாமல் விட்ட வாடகையில் கொஞ்சத்தையாவது அது கட்டப் பார்க்கிறது.

இதே ஃபேண்டஸி தெருவின் இன்னொரு கோடியில் சி.எஸ். பகாட்டின் 'கேப்டிவ் பிரின்ஸ்' நிற்கிறது. இணையத்தில் தொடராக வந்து, பிறகு அச்சுக்குப் போன மூன்று நாவல்கள். அதில் வரும் வேர் நாட்டில் முறைதவறிப் பிறக்கும் வாரிசுகள் என்றால் அவ்வளவு பயம். அதனால் திருமணத்துக்கு வெளியே ஆண் பெண் உறவுதான் அசிங்கம், ஆணுக்கு ஆண் சகஜம். நம் உலகத்தின் விதியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுவிட்டார். ஆனால் அந்த அரண்மனை அடிமை முறையின் மேல் நிற்கிறது. இளவரசன் டாமன் எதிரி நாட்டு இளவரசன் லாரன்டுக்கே அடிமையாக அனுப்பப்படுகிறான். முதல் புத்தகத்தின் வன்முறை பலரால் தாங்க முடியாதது, பாதியில் மூடிவைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். கடைசி வரை போனால் ஒன்று தெரியும். வாடகையைக் கட்டுவது அடிமைகள்தான் என்பதை இந்த நாவல் அறிந்திருக்கிறது. ஆனாலும் அதன் கண் முழுக்க அரசகுமாரர்கள் மேலேயே இருக்கிறது. அடிமையாகவே பிறந்தவனின் கதை ஓரத்தில் நின்றுவிடுகிறது.

*

வரலாற்று ரொமான்ஸுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஊர் ஏற்கெனவே இருக்கிறது, சட்டப் புத்தகமும் இருக்கிறது.

கே.ஜே. சார்ல்ஸின் 'எ செடிஷியஸ் அஃபேர்' (2015) நடப்பது 1819-20 லண்டனில். சைலஸ் மேசன் புத்தகக் கடைக்காரர், அரசுக்கு எதிராகத் துண்டறிக்கை அச்சடிப்பவர். டொமினிக் ஃப்ரே உள்துறையில் வேலை பார்க்கும் பழமைவாதி. ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாமல் புதன்கிழமைதோறும் ஒரு அறையில் சந்திக்கிறார்கள். புத்தகங்களைப் பற்றி விடிய விடியச் சண்டை போடுகிறார்கள். பிறகு ஒருநாள் கடையைச் சோதனை போட வரும் அதிகாரி யாரென்று பார்த்தால், புதன்கிழமை ஆள். பின்னணியில் மந்திரிசபையையே கொல்லத் திட்டம் போட்ட கேட்டோ தெருச் சதி. அது 1820இல் உண்மையில் நடந்தது, ஐந்து பேரைத் தூக்கில் போட்டார்கள். இருவர் படுக்கையைப் பகிர்ந்ததற்கும் அன்றைய இங்கிலாந்தில் தூக்குத்தான். அந்தக் குற்றத்துக்காகக் கடைசித் தூக்கு 1835இல் நடந்தது, மரண தண்டனையை எடுத்தது 1861இல்.

இங்கிலாந்து மரண தண்டனையை எடுப்பதற்கு ஒரு வருடம் முன்னால், 1860இல், நமக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தை எழுதிக் கொடுத்தார்கள். அதில்தான் 377 வந்தது. இங்கிலாந்து தன் சட்டத்தை 1967இல் தளர்த்திக்கொண்டது. நம் உச்ச நீதிமன்றம் 377ஐ நறுக்க 2018 செப்டம்பர் 6 ஆயிற்று. அதனால் சார்ல்ஸின் கோட்டு சூட்டு லண்டன் நமக்கு ஒன்றும் அந்நிய ஊர் இல்லை. அந்தக் கதவைத் தட்டும் போலீஸ்காரன் கையில் இருப்பது நம் வீட்டுச் சட்டத்தின் பாட்டன்.

இப்படிப்பட்ட ஊரில் சுபம் எப்படிப் போடுவது? சட்டத்தை மாற்ற முடியாது, வரலாறு விடாது. சார்ல்ஸ் அளவைச் சின்னதாக்குகிறார். ஒரு அறை, ஒரு கிழமை, வாயைத் திறக்காத நாலு நண்பர்கள். இதற்கு மேல் அவர் எதையும் தருவதாகப் பாசாங்கு பண்ணுவதில்லை. அந்த நாலு பேரில் பணமும் பட்டமும் உள்ளவர்கள் இருப்பதால்தான் கதவு தாழ்ப்பாள் நிற்கிறது என்பதையும் மறைப்பதில்லை. சைலஸுக்கு அது எரிகிறது, வாய்விட்டே சொல்கிறான். இருவரும் சேர்வதை நான் நம்புவது அந்த எரிச்சலினால்தான்.

*

கேசி மெக்விஸ்டனின் 'ரெட், ஒயிட் அண்ட் ராயல் ப்ளூ' (2019) எதிர்த்திசையில் போகிறது. அமெரிக்க ஜனாதிபதியின் மகன் அலெக்ஸ், இங்கிலாந்து இளவரசன் ஹென்றி. அரச கல்யாணத்தில் அத்தனை பெரிய கேக்கோடு சேர்ந்து இருவரும் தரையில் விழுவதில் கதை சூடு பிடிக்கிறது. வசனங்கள் ஓடுகின்றன, மின்னஞ்சல்கள் உருக்கமாக இருக்கின்றன, சிரித்துக்கொண்டே படிக்கலாம்.

அந்த மின்னஞ்சல்கள் வெளியாகி ஊர் முழுக்கத் தெரிந்ததும் என்ன நடக்கிறது? மக்கள் கூட்டம் அரண்மனை வாசலில் ஆதரவாகத் திரள்கிறது. ராணி இறங்கி வருகிறார். அம்மா மறுபடி தேர்தலில் ஜெயிக்கிறார், டெக்சாஸ் மாநிலம் உட்பட. இரண்டு தேசங்களும் சேர்ந்து கைதட்டினால்தான் இரண்டு பையன்கள் சந்தோஷமாக இருக்க முடியும் என்பதுபோல. 2016 தேர்தல் முடிவுக்குப் பிறகு கைவிட இருந்த கதையை, இப்படி இருந்திருக்கலாமே என்ற ஏக்கத்தில்தான் எழுதி முடித்ததாக நூலின் நன்றியுரையில் மெக்விஸ்டன் சொல்கிறார். அந்த ஏக்கம் புரிகிறது. ஆனால் சாத்தானின் மகன் வரும் க்ளூனின் நாவலைவிட, மாயமே இல்லாத இந்த நாவல்தான் பெரிய மாயக்கதை. இதில் வாடகையை யாருமே கட்டுவதில்லை. ஹென்றியின் அரண்மனை எந்தக் காசில் கட்டப்பட்டது என்று அருங்காட்சியகங்களைப் பற்றி ஒரு கிண்டல் வருகிறது, போகிறது. அப்புறம் கதையே அந்த அரண்மனையின் ஆசிக்காகக் காத்து நிற்கிறது.

*

இனி, எல்லாரும் மட்டமாகப் பார்க்கும் கடைசி வகை. கிறிஸ்துமஸ் ரொமான்ஸ். பனி, குக்கீஸ், ஒரே மாதிரி ஸ்வெட்டர், சின்ன ஊர். இலக்கிய மதிப்பில் இது கடைசி பெஞ்ச் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. டிமோதி ஜனோவ்ஸ்கியின் 'யூ ஆர் எ மீன் ஒன், மேத்யூ பிரின்ஸ்' (2022) நாவலில் ஊதாரிப் பணக்காரப் பையனை அப்பா அம்மா பண்டிகைக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்குத் துரத்திவிடுகிறார்கள். அங்கே அறையைப் பகிர்ந்துகொள்ள ஹெக்டர் என்று ஒருவன் இருக்கிறான். மிச்சத்தை நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் இந்த வகை கேட்கும் முகவரியைப் பாருங்கள். தீவு வேண்டாம், அரண்மனை வேண்டாம். பாட்டி வீடு வேண்டும். பண்டிகை நாளில், சொந்தக்காரர்கள் நிறைந்திருக்கும் கூடத்தில், அவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு டிக்கெட் போடலாமா வேண்டாமா என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் யாருக்கும் இது எவ்வளவு பெரிய ஆசை என்று தெரியும். 'எப்ப கல்யாணம்?' என்ற ஒரு கேள்விக்குப் பயந்தே ஊர்ப்பக்கம் போகாதவர்கள் எத்தனை பேர்.

2021இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'சிங்கிள் ஆல் தி வே' படத்தில் ஒரு அம்மா. கிறிஸ்துமஸுக்கு வரும் மகனுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருக்கிறாள், தன் ஜிம் டிரெய்னரை. நம் வீட்டு அம்மா அப்படியே. அரிக்கும் அன்பு, விடாத நச்சரிப்பு, நடுவில் ஒரு ஆண் வரன். படம் சுமார்தான். ஆனால் நச்சரிப்பையே ஒரு உரிமையாக மாற்றிவிடுகிறது. மற்ற பிள்ளைகளை எப்படிப் படுத்துவாளோ அதே மாதிரி இவனையும் படுத்துகிறாள்!

இங்கேயும் அப்படி ஒன்று நடந்தது. 2015 மே மாதம் மும்பையில் ஒரு அம்மா, தன் மகனுக்கு மணமகன் தேவை என்று நாளிதழில் வரன் விளம்பரம் கொடுத்தார். இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. விளம்பரத்தில் ஜாதி தடையில்லை என்று போட்டு, ஆனாலும் ஐயர் என்றால் விருப்பம் என்றும் சேர்த்திருந்தார். பலர் சிரித்தார்கள், பலர் கொதித்தார்கள். இரண்டும் சரி. வீட்டு வாசல் திறந்தால் வீடு அப்படியே உள்ளே இருக்கும், அதன் ஜாதியோடு சேர்த்து. கிறிஸ்துமஸ் நாவல்கள் இந்த வாடகையைப் பற்றி வாயே திறப்பதில்லை. அந்தச் சின்ன ஊர் யாருக்கெல்லாம் கதவு திறக்காது என்று அவை கேட்பதில்லை. அவற்றின் பலவீனம் குக்கீஸில் இல்லை, இங்கே இருக்கிறது.

கதவு திறக்காத வீடுகளிலிருந்து ஓடிவந்தவர்கள் நம் நீதிமன்றங்களுக்கு வந்திருக்கிறார்கள். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு பெண்களின் வழக்கில்தான் 2021இல் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தீர்ப்பெழுதும் முன் உளவியல் ஆலோசகரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தது. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பமாக வாழத் திருமணம் ஒன்றே வழியல்ல, தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்றது. இந்தத் தேதிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால், 'இதெல்லாம் லைட் ரீடிங்' என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல வாய் வராது.

*

அதற்காக இந்த நாவல்களை எல்லாம் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டியதில்லை. ஒரே அச்சில் வார்த்தவை நிறைய. நாயகர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள், வசதியானவர்கள், வயிறு தட்டையானவர்கள். லினஸின் தொப்பைக்கு இவ்வளவு வாசகர்கள் உருகியதே அதற்குச் சாட்சி. இருபது புத்தகம் தொடர்ந்து படித்தால் பத்தொன்பதின் பெயர் மறந்துபோகும். வேலைக்குப் போகாத காதலர்கள், எதற்கும் விலை கொடுக்காத காதலர்கள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள்.

முடிவு தெரிந்திருப்பதால்தான் இவற்றைக் கறாராக விமர்சிக்க முடிகிறது. சேருவார்களா என்ற பதற்றம் இல்லாததால் கண் மற்ற இடங்களுக்குப் போகிறது. யார் சமைக்கிறார்கள், யார் வேலையை விடுகிறார்கள், யாருடைய நண்பர்கள் விட்டுப்போகிறார்கள், கதவை யார் காவல் காக்கிறார்கள். சோக முடிவு இந்தக் கணக்கிலிருந்து எழுத்தாளரைத் தப்பிக்க விடும். செத்தவனுக்கு வீடு பார்க்க வேண்டியதில்லை. சேர்த்து வைப்பவர்தான் இரண்டு பேருக்கும் தட்டு, பாய், அக்கம்பக்கம், மழைக்கு ஒழுகாத கூரை என்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், 'மாரிஸ்'. அதை முடித்த கையோடு 'எ செடிஷியஸ் அஃபேர்'. காட்டுக்குள் போன இருவரையும், லண்டன் நடுவில் ஒரு அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்ட இருவரையும் அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். பிறகு க்ளூனின் தீவு. கிறிஸ்துமஸ் புத்தகங்களை டிசம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குப் போகிற ரயிலில் படிக்கத் தோதாக இருக்கும், ஊருக்குப் போகாத லீவிலும்.